'அன்ரெஸ்ட்' என்னும் சொல்லும் ஊவாத் தோட்டங்களும்

சொற்கள் வரலாற்றை உணர்த்துவன. சில வேளைகளில் அதனை மறைப்பனவும் ஆகும். 'அன்ரெஸ்ட்' என்னும் ஆங்கிலச் சொல் இவ்விரண்டாம் வகையினது. 'ரெஸ்ட்' என்பதற்கு ஓய்வு, அமைதி என இரு பொருள்கள் உள. எதிர்மறை முன்னொட்டுப் பெற்ற சொல் மனத்தின் நிலைகொள்ளாமையைக் குறித்தது. காலப்போக்கில் அது ஆட்சியாளருக்குரிய சொல்லாயிற்று. 1910இல் வலன்டைன் சிரோல் இந்திய விடுதலை உணர்ச்சியைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பில் இச்சொல்லையே அமைத்தார். திலகரை அதன் தந்தை என்றார். 1917இல் பிரித்தானியத் தொழிலாளரின் குறைகளை ஆராய அமைக்கப்பெற்ற விசாரணைக் குழுவின் பெயரிலும் அது இடம்பெற்றது.

நோயைக் குறிப்பது போல் இச்சொல் ஒரு நிலையை மட்டும் கூறுகிறது. அந்நிலையை உண்டாக்கியவர் யார், எதிர்த்து எழுந்தவர் யார் என்பதைக் கூறுவதில்லை. தோட்டத் தொழிலாளரின் போராட்டங்களுக்கு இச்சொல்லை வழங்கும்போது இக்குறை தெளிவாகப் புலனாகும்.

பெரிய கங்காணியிடம் பட்ட கடனும் அக்கடனைக் காட்டும் 'துண்டு'ம் தொழிலாளியைப் பிணித்திருந்தன. துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும் விடியலிற் பிரட்டுக்களம், பகலெல்லாம் மலைச்சரிவு, இரவில் லயத்தின் ஓரறை என்ற வாழ்வு மாறவில்லை. 'ரெஸ்ட்' இன்மை என்பதன் நேர்ப்பொருள் இவ்வாழ்விலேயே இருந்தது. ஆனால் அதனை எவரும் 'அன்ரெஸ்ட்' என அழைத்திலர். வேலை நின்றபோதே அச்சொல் பிறந்தது.

1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். அவ்வாண்டிலேயே போராட்டம் ஊவாவிற் பரவியது. பதுளைக்கு அண்மையிலுள்ள வெவெஸ்ஸ தோட்டத்திற் சமசமாசக் கட்சியினரின் தொழிற்சங்கத்தைச் சார்ந்த தொழிலாளர் தம்முள் ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர். அச்சபையைக் கலந்தே நிருவாகம் நடத்தத் தோட்டத்துரையும் இணங்கினார். அங்கு அனுப்பப்பட்ட ஆயுதந் தாங்கிய பொலிசாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்தனர். பின்னர் பொலிசாரின் கடும் அடக்குமுறையால் அவ்வெழுச்சி ஒடுக்கப்பட்டது. அவ்வேளை பெருவெள்ளம் ஊவாவை நாட்டின் பிற பகுதிகளிலிருந்து துண்டித்திருந்தமை அடக்குவோர்க்குத் துணையாயிற்று.

பிரதிநிதிகளைத் தேர்ந்து, துரையுடன் பேசி, இணக்கம் கண்ட அச்செயலை 'அமைதியின்மை' எனத் தமிழாக்குவது பொருந்துமா? அமைதி என்பது 'அமை' என்னும் அடியிற் பிறந்த சொல். ஒழுங்கு, பொருத்தம் ஆகியனவும் அதன் பொருள்களாம். அப்பொருளிற் காணின், வெவெஸ்ஸத் தொழிலாளர் அமைதியைக் குலைத்தவரல்லர், அமைக்க முயன்றவர். 'கிளர்ச்சி' என்னும் சொல்லோ கிளர்தலை, அதாவது மேலெழுதலை உணர்த்துவது. எழுதல் உண்டெனில் எழுந்தவரும் உளர். அவரை அழுத்தியதும் ஒன்று உண்டு. மலையக வரலாற்றை எழுதுவோர் ஆவணங்களிற் காணும் சொல்லை அவ்வாறே ஏற்குமுன், அது எவர் வாயிற் பிறந்தது என வினவுதல் கடனாகும்.