கோமாளி மட்டும் பள்ளிக்கூடத்துக்கு வந்தான்



போன வாரம் பேத்தியைக் கூட்டிவர அங்கன்வாடிக்குப் போயிருந்தேன். உள்ளே ஒரே கூச்சல். ஆசிரியை பழைய காலுறை ஒன்றில் இரண்டு பொத்தான்களைக் கண்ணாகத் தைத்துக் கையில் மாட்டியிருந்தார். அந்தப் பொம்மை வாழைப்பழத்தைப் பார்த்து மாம்பழம் என்கிறது. "இல்லை, இல்லை" என்று பிள்ளைகள் எல்லாம் எழுந்து நின்று கத்துகின்றன. வெளியாட்கள் முன்னால் வாயே திறக்காத என் பேத்திதான் முதல் வரிசையில்! இந்தக் காலுறைக்கு மூதாதையர் யார் என்று யோசித்துக்கொண்டே வீடு வந்தேன்.

1967-ல், எனக்கு ஏழு வயதில், கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் அரிச்சந்திரா பொம்மலாட்டம் பார்த்தேன். அறுவடை முடிந்து களத்தில் நெல் இருக்கும் காலம். லோகிதாசன் பாம்பு கடித்துச் செத்துக் கிடக்க, சந்திரமதி பொம்மை குனிந்து குனிந்து அழுதது. மரம் என்று தெரிந்தும் நானும் அழுதேன். மறுநாள் கறுப்புத் திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால், ஒருவர் தலையில் சும்மாட்டைப்போல இரும்பு வளையம் வைத்து, அதிலிருந்து தொங்கும் கயிறுகளால் பொம்மையைச் சுமந்து நிற்கிறார். கைகளில் கம்பிகள். அவர் தலையை அசைத்தால் பொம்மை அசையும்.

இந்தியாவின் மரபுக் கயிற்றுப் பொம்மைகளில் கனமானவை நம் பக்கத்துப் பொம்மைகள்தான். சில நாலரை அடி உயரம், பத்துக் கிலோ எடை. கல்யாண முருங்கை மரத்தில் செதுக்குவார்கள். வேலியோரம் நிற்கும், சளிக்கு அடை தட்டித் தின்கிறோமே, அதே மரம். லேசான மரத்தில் செய்தே இந்தக் கனம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கயிற்றில் ஆடும் மரப்பாவையை வள்ளுவரே நாணுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறளில் உவமையாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே கலை பழையது.

தோல்பாவைக்கூத்தின் கதை வேறு. அது ஆட்டுத்தோலில் வெட்டி, வண்ணம் தீட்டி, விளக்கு வெளிச்சத்தில் வெள்ளைத் திரையில் காட்டுவது. அதை ஆடும் குடும்பங்கள் வீட்டில் இன்றும் ஒருவகை மராத்தி பேசுகின்றன. தஞ்சையில் மராட்டியர் ஆட்சி 1676 முதல் 1855 வரை. அந்தக் காலத்தில் இங்கே வந்து, பிறகு மதுரை, நாகர்கோவில் பக்கம் பரவினார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

இரண்டுமே குழந்தைகளுக்காக உண்டானவை அல்ல. விடிய விடிய நடக்கும், பெரியவர்களுக்கான கூத்து. பிள்ளைகளுக்கு அதில் ஒரு பங்கு இருந்தது, அவ்வளவுதான். பொம்மலாட்டத்தில் பிள்ளையார் பூசை முடிந்ததும் கோமாளி வருவான். தோல்பாவையில் உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்று இருவர். இராமாயணத்தில் இவர்களுக்கு என்ன வேலை? ஒன்றும் கிடையாது. நடுவில் புகுந்து ஊர்க்கதை பேசுவார்கள், தப்புத்தப்பாக உளறி அடிவாங்குவார்கள். நாங்கள் அதற்காகவே தூங்காமல் காத்திருப்போம். பிறகு மடியில் சாய்ந்துவிடுவோம்.

அங்கன்வாடியில் நான் பார்த்த காலுறை இந்தக் கோமாளியின் பேரன். வகுப்பில் நானே இதைச் செய்திருக்கிறேன். ஐந்தும் இரண்டும் எட்டு என்று பொம்மை சொன்னால், நான் கேட்டபோது வாய் திறக்காத பிள்ளை பொம்மையைத் திருத்தும். தன்னைவிட முட்டாளாக ஒருவன் கிடைத்ததில் அதற்கு அவ்வளவு தைரியம்.

வேடிக்கை என்னவென்றால், 1979-ல் நான் முடித்த ஆசிரியர் பயிற்சியில் காகிதக்கூழில் கையுறைப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். அது ஏதோ வெளிநாட்டுச் சங்கதி என்ற பாவனையில்! நாற்பது கிலோமீட்டர் தள்ளிக் கும்பகோணத்தில் மணி ஐயர் குழு ஆடிக்கொண்டிருந்ததை யாரும் சொல்லவில்லை. அதே 1979-ல்தான் டெல்லியில் கமலாதேவி சட்டோபாத்யாயும் கபிலா வாத்ஸ்யாயனும் கலாச்சார வளங்கள் மற்றும் பயிற்சி மையத்தைத் தொடங்கினார்கள். பொம்மலாட்டத்தைப் பாடம் நடத்தப் பயன்படுத்த அங்கே ஆசிரியர்களுக்குப் பயிற்சி உண்டு. 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் நம் ஆசிரியைகள் பொம்மையைக் கையில் எடுத்தார்கள். மகிழ்ச்சிதான்.

ஆனால் "பள்ளிக்கூடம் பொம்மலாட்டத்தைக் காப்பாற்றிவிட்டது" என்று சிலர் எழுதும்போது எனக்கு ஒப்பவில்லை. காப்பாற்றப்பட்டது கோமாளி மட்டும். காலுறைக்குச் செலவில்லை. அரிச்சந்திராவுக்கோ பாடகர், ஆர்மோனியம், மிருதங்கம், பத்துக் கிலோவைத் தலையில் தாங்கும் ஆட்கள் வேண்டும். சினிமாவும் தொலைக்காட்சியும் வந்தபின் இத்தனை பேருக்குக் கூலி கொடுத்து இரவு முழுக்க ஆடச் சொல்ல எந்த ஊரில் ஆள் இருக்கிறது? மிஞ்சிய குழுக்கள் கதையைச் சுருக்கி மேடையேற்றுகின்றன. முதலில் வெட்டுப்படுவது அழுகைக் கட்டம். சின்னப் பிள்ளைகள் பயந்துவிடுமாம்! ஏழு வயதில் சந்திரமதிக்காக நான் அழுதேன், கெட்டா போய்விட்டேன்?

பேத்தி இப்போது என் காலுறை ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு பொத்தான் கேட்கிறாள். நாளைக்குத் தைத்துத் தரவேண்டும். உங்கள் ஊரில் கடைசியாகப் பொம்மலாட்டம் எந்த வருடம், என்ன கதை நடந்தது என்று நினைவிருப்பவர்கள் கீழே எழுதுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் கேட்டு எழுதுங்கள்.