நீரற்ற கரையில் ஓர் ஆலை

முதுகுன்றம் என்ற பழம்பெயர் கொண்ட விருத்தாசலத்தை, கோயிலுக்கு அடுத்தபடியாகப் பீங்கானைக் கொண்டே பலரும் அறிவர். பீங்கான் பட்டறைகளில் பொம்மை வார்ப்பதற்குக் களிமண்ணைக் கூழாகக் கரைத்து அச்சில் ஊற்றுவார்கள். நீர் மிகுந்தால் வார்ப்பு காய்கையில் சுருங்கி வெடிக்கும். குறைந்தால் கூழ் ஓடாது. சிறிதளவு சோடா சாம்பல் சேர்த்தால் குறைந்த நீரிலேயே கூழ் இளகிவிடும். நீரை மிச்சப்படுத்தும் இந்தப் பொடியை இந்தியாவில் பெருமளவில் செய்யும் ஊர்களுள் ஒன்று நீருக்குத் தவித்த ஊர் என்பது எனக்கு என்றும் வியப்பே.

துவாரகைக்கு அருகில், ஓகாமண்டல் கரையில் உள்ளது மித்தாப்பூர். குஜராத்தியில் உப்பும் இனிப்பும் ஒரே சொல்லின் பிள்ளைகள். உப்பூர் என்றே இப்பெயரைப் பெயர்க்கலாம். அப்பகுதி அன்று பரோடா சமஸ்தானத்தைச் சேர்ந்தது. மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாடின் ஆதரவோடு அங்கே உப்பளம் தொடங்கிய வேதியியலாளர் கபில்ராம் வக்கீல், உப்பிலிருந்து சோடா வரை செல்லக் கனவு கண்டார். அது நிறைவேறுமுன் மறைந்தார். 1939இல் டாடா கெமிக்கல்ஸ் நிறுவப்பட்டது. கடல்நீரும் சுண்ணாம்புக்கல்லும் கையருகே கிடைத்தன. நன்னீருக்கோ மழை ஒன்றே கதி.

1962இல் மழை பொய்த்தது. ஏரிகள் வறண்டு, ஆலையை மூடும் நிலை வந்தது. மூடினால் ஊரே கலைந்துவிடும். பொறியாளர் தர்பாரி சேத், குளிர்விப்பதற்குக் கடல்நீரைப் பயன்படுத்தியும், நன்னீரைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டும் ஆலையை ஓட்டிக் காட்டினார். கொதிகலன்களுக்காகக் கடல்நீரைக் காய்ச்சி வடித்தபோது எஞ்சிய தூய உப்புதான், அயோடின் சேர்க்கப்பட்டு 1983இல் டாடா உப்பாகக் கடைக்கு வந்தது. தெருவில் வண்டியோடு கூவி விற்ற கல்லுப்பை நம் அடுக்களைகளிலிருந்து பெயர்த்த பொட்டலத்தின் பின்னே ஆலையொன்றின் தாகம் இருக்கிறது.

1980இல் அந்நிறுவனம் ஊரக வளர்ச்சிக்கென ஒரு சங்கம் அமைத்தது. தடுப்பணைகள், மழைநீர்ச் சேமிப்பு, பின்னர் ஊர்ப்பெண்களின் தையல் வேலைப்பாட்டை 'ஓகாய்' என்ற பெயரில் விற்பது என்று அதன் பணி விரிந்தது. இதை வெறும் தருமம் என்று நான் கொள்ளமாட்டேன். ஆலையும் வயலும் ஒரே மழையை எதிர்நோக்கும் இடத்தில், கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்று பிரிப்பது எளிதன்று. மேலும், சால்வே முறையில் சோடா செய்யும் எந்த ஆலையும் கால்சியம் குளோரைடு கலந்த கழிவை ஏராளமாக வெளியேற்றும். அந்த வகையில் இத்தொழில் இயற்கைக்குக் கடன்பட்டது.

கடலுக்கு ஒரு நன்மையும் நடந்தது. குஜராத்தின் கரையோரம் திமிங்கிலச் சுறாக்களைக் கொன்று, ஈரல் எண்ணெயைப் படகுகளுக்குப் பூசிவந்தனர். 2001இல் சட்டம் அவற்றுக்குப் பாதுகாப்பு அளித்தது. ஆயினும் மீனவர் மனம் மாறியது 2004இல் தொடங்கிய இயக்கத்தால்தான். இந்திய வனவிலங்கு அறக்கட்டளையும் வனத்துறையும் டாடா கெமிக்கல்ஸும் கைகோத்த அவ்வியக்கத்தில், கதாகாலட்சேபம் செய்யும் மொராரி பாபு அந்த மீனைப் பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள் என்றார். 'வாலி', அன்புக்குரியவள், என்று பெயரும் ஆயிற்று. அதன்பின், வலையில் சிக்கிய நூற்றுக்கணக்கான சுறாக்களை மீனவர்கள் தம் வலையைத் தாமே அறுத்து விடுவித்திருக்கிறார்கள். அறுத்த வலைக்கு வனத்துறை ஈடு தருகிறது.