பேரேட்டில் ஒரு சித்திரம்

பஞ்சாப் மலைநாட்டுச் சிற்றோவியங்களை விமர்சகர்கள் வெகுகாலம் சமஸ்தானங்களின் பெயராலேயே பிரித்துவந்தார்கள்: பசோலி, குலேர், காங்க்ரா. பாணி அரசனுடையது, ஓவியனுக்குப் பெயரில்லை. 1968-ல் பி. என். கோஸ்வாமி இதை மறுத்தார். யாத்திரிகர்களின் வம்சாவளியை ஹரித்துவாரப் பண்டாக்கள் பதிந்து வைக்கும் பேரேடுகளில் அவர் ஓவியர்களைத் தேடினார். குலேரில் ஒரு குடும்பம் துலங்கியது: பண்டித் சேவு, அவர் மக்கள் மானக்கு, நைன்சுக். பாணிக்கு அடிப்படை அரசவை அல்ல, குடும்பம் என்றார்.

எனக்கு இதில் பாதிதான் சம்மதம். மானக்குவின் 1730-ம் ஆண்டு கீதகோவிந்த வரிசையில் தட்டையான வர்ணப் பின்னணி, அழுத்தமான கோடு. தம்பி நைன்சுக்கோ மொகலாய நுட்பத்தை உள்வாங்கிக்கொண்டவன். தன் எஜமான் ஜஸ்ரோட்டாவின் பல்வந்த் சிங் தாடி திருத்திக்கொள்வதையும் கூடாரத்தில் உட்கார்ந்து எழுதுவதையும்கூட வரைகிறான். வீடு இலக்கணத்தைத் தந்தது, பார்வையைத் தரவில்லை.

1763-ல் பல்வந்த் சிங்கின் அஸ்தியோடு ஹரித்துவாரம் போன நைன்சுக், பண்டாவின் பேரேட்டில் தன் கைப்பட எழுதி, ஒரு சிறு சித்திரமும் வரைந்தான். வங்கியில் நாள் முழுவதும் கணக்குப் பதிகிறவன் நான். பதிவேட்டில் மனிதன் வெறும் பெயராகச் சுருங்கிவிடுகிறான் என்று எண்ணியிருந்தேன். குடும்பத்துக்குச் சாட்சியான அதே ஏட்டில் இவன் தன் கோட்டையும் விட்டுப் போயிருக்கிறான்.