‘கியர் பொக்ஸ் போச்சு’ என்று சொல்வதற்கு முன்

ஊவாவில் பழைய ஓட்டோ கியர் வேன் வைத்து ஹயர் ஓடுகிற எந்த வீட்டுக்கும் ஒரு வசனத்தைக் கேட்டால் வயிறு கலங்கும்: “கியர் பொக்ஸ் போச்சு, முழுசா மாத்தணும்.” தோட்டத்திலிருந்து ராத்திரியில் பதுளை ஆஸ்பத்திரிக்கு ஆள் ஏற்றிப் போவதும், காலையில் பிள்ளைகளை ஸ்கூலில் விடுவதும் அந்த வேன்தான். லீசிங் தவணையும் அதன் உழைப்பில்தான் போகுது. பொக்ஸ் மாற்றும் செலவு வந்தால் பல மாத வருமானம் போயிடும். ஆனால் அந்த வசனம் பல நேரம் அவசரப்பட்டுச் சொல்லப்படுகிறது. ஏன் என்று புரிய, அந்தப் பெட்டிக்குள் இருக்கிற சின்னச் சாமான் ஒன்றின் வரலாறு தெரிய வேண்டும்.

முதலில் கியர் எதற்கு? பதில் நம்ம ஊரிலேயே இருக்கு. 1924இல் பதுளைக்கு ரயில் வந்தது. அதற்குப் பாதை போட்டவர்களுக்குத் தெமோதரையில் ஒரு சிக்கல். தண்டவாளம் சட்டென்று கீழே இறங்க வேண்டும், ஆனால் செங்குத்தான சரிவை ரயிலால் தாங்க முடியாது. அதனால் பாதையை ஒரு சுற்றுச் சுற்ற வைத்து, ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கம் வழியாகக் கொண்டுபோனார்கள். தூரம் கூடியது, சரிவு குறைந்தது. கியரும் இதே வியாபாரம்தான். முதலாம் கியரில் இன்ஜின் பல சுற்றுச் சுற்றினால்தான் சில்லு ஒரு சுற்றுச் சுற்றும். வேகத்தைக் கொடுத்துப் பலத்தை வாங்குகிறோம்.

அடுத்த கேள்வி, கியரை எப்போது மாற்றுவது என்று யார் முடிவெடுப்பது? தேயிலை லொறியில் அது சாரதியின் காலும் கையும். 1940ஆம் ஆண்டு மொடல் ஓல்ட்ஸ்மொபில் காரில் ஜெனரல் மோட்டர்ஸ் ‘ஹைட்ராமெட்டிக்’ என்ற பொக்ஸை வைத்து, அந்த முடிவை ஒயிலிடம் கொடுத்தது. வண்டியின் வேகம் கூடக்கூட ஒரு ஒயில் அழுத்தம் கூடும். அக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னொரு அழுத்தம் கூடும். வேகத்தின் அழுத்தம் ஜெயிக்கும்போது ஒரு வால்வு நகரும், அடுத்த கியர் விழும். இதில் மின்சாரத்துக்கு வேலையே இல்லை.

1980களில் டொயோட்டா போன்ற கம்பனிகளின் பொக்ஸ்களில் அந்த முடிவு கம்பியூட்டருக்குப் போனது. கம்பியூட்டரால் கிளட்சை அழுத்த முடியாது. அதனால் நடுவில் சொலனோயிட் என்ற தூதுவன் வந்தான். ஒரு கம்பிச் சுருள், அதற்குள் சின்ன இரும்புத் துண்டு, அவ்வளவுதான். கரண்ட் வந்தால் இரும்பு நகர்ந்து ஒயில் வழியை மாற்றும். பாரம் தூக்குகிற வேலையை இன்றைக்கும் ஒயில்தான் செய்யுது, கரண்ட் வழி மட்டும் காட்டுது.

ஏ340ஈ, ஏ140ஈ மாதிரிப் பழைய டொயோட்டா பொக்ஸ்களில் நாலு கியருக்கு இரண்டே சொலனோயிட்தான். முதலாம் கியரில் எஸ்1 மட்டும் ஒன். இரண்டில் ரெண்டுமே ஒன். மூன்றில் எஸ்2 மட்டும் ஒன். நாலாவதில், அதாவது ஓவர்டிரைவில், ரெண்டுமே ஓஃப்.

இந்தக் கணக்கு தெரிந்தால் நோயும் தெரியும். எஸ்1 செத்தால் மூன்றும் நாலும்தான் மிஞ்சும். நின்ற இடத்திலிருந்து எடுக்கும்போதே வண்டிக்கு மூச்சு முட்டும், ஹப்புத்தளை ஏற்றம் சரிவராது. எஸ்2 செத்தால் ஒன்றிலிருந்து நேராக நாலுக்குப் பாயும். ரெண்டும் செத்தால் ‘டி’யில் எப்போதும் நாலுதான். இதைப் பார்க்கிறவருக்குப் பொக்ஸே போன மாதிரிதான் தெரியும்.

1977க்குப் பிறகு பொருளாதாரம் திறந்துவிடப்பட, ஜப்பானில் ஓடிய பழைய வாகனங்கள் இங்கே நிறைய இறங்கின. ஜப்பான் சந்தைக்குச் செய்த வாகனத்தின் லேபலும் கைநூலும் ஜப்பான் மொழியில். வாகனம் கப்பலில் வந்த வேகத்தில் அதைத் திருத்துகிற அறிவு வரவில்லை. ‘முழுசா மாத்தணும்’ என்ற வசனம் அந்த இடைவெளியில்தான் வளர்ந்தது.

அப்போ எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் ஒயில். கறுத்து, கருகின வாசம் அடித்தால் கிளட்ச் எரிந்திருக்கலாம், சொலனோயிட் மாற்றிப் பிரயோசனம் இல்லை. ஒயில் நல்லா இருந்தால், கோட். பழைய டொயோட்டாவில் ‘ஓடி ஓஃப்’ லைட்டே மினுங்கிச் சொல்லும்: 62 என்றால் எஸ்1, 63 என்றால் எஸ்2. புதிய முறையில் ஸ்கேனர் பீ0753, பீ0758 என்று காட்டும். கோட் காட்டுவது மின்சுற்றை. வயர் அறுந்தாலும், பிளக்கில் ஈரம் ஏறினாலும் அதே கோட்தான். அதனால் அடுத்து மல்டிமீற்றர். இந்த வகைச் சுருளில் 11 முதல் 15 ஓம் வரை இருக்க வேண்டும். 12 வோல்ட் கொடுத்தால் ‘டிக்’ சத்தம் கேட்கணும். அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிற சொலனோயிட் வேறு வகை, சுமார் 5 ஓம்தான். அதற்கு நேராகப் பெற்றரி கொடுத்தால் எரியும், 21 வொட் பல்ப் ஒன்றை இடையில் போடணும்.

இன்னொரு சோதனைக்கு மீற்றரே வேண்டாம். சொலனோயிட் பிளக்கைக் கழற்றிவிட்டு, சமதரையில் மெதுவாக ஓட்டிப் பார்க்கணும். ‘எல்’லில் முதலாம் கியர், ‘2’இல் மூன்று, ‘டி’யில் நாலு என்று சரியாக விழுந்தால் உள்ளே பல்லும் கிளட்சும் பெரும்பாலும் சுகம். கோளாறு மின்சாரப் பக்கம். சொலனோயிட் பொக்ஸின் அடித்தட்டுக்கு மேலேதான் இருக்கு. தட்டைக் கழற்றி மாற்றலாம், பொக்ஸை இறக்கத் தேவையில்லை. சிவிடி வாகனங்களுக்கும் ஹைபிரிட்டுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது, அவற்றின் கைநூல் வேறு.

காசை விடப் பெரிய விஷயம் இறக்கம். 2021 மார்ச்சில் பசறையிலும், 2025 செப்டம்பரில் எல்ல–வெல்லவாய ரோட்டிலும் பஸ்கள் பள்ளத்தில் விழுந்ததை நாம எல்லாரும் அறிவோம். அவற்றுக்கும் சொலனோயிடுக்கும் நாங்க முடிச்சுப் போடவில்லை. இந்த ரோட்டுகள் என்ன கேட்கும் என்பதற்காகச் சொல்கிறோம். நாலாம் கியரில் மாட்டின வண்டியை இன்ஜின் பிடித்து வைக்காது. முழுப் பாரமும் பிரேக்கில் விழும், பிரேக் சூடேறிப் பிடி விடும். ஆனால் மேலே சொன்ன பழைய பொக்ஸ்களில் ‘எல்’ போடுகிற வழி கம்பியூட்டரைக் கேட்காத ஒயில் வழி. வண்டியை முழுசா நிறுத்திவிட்டு ‘எல்’ போட்டால், ரெண்டு சுருளும் செத்த பிறகும் முதலாம் கியர் விழும். மெதுவாக இறங்கிக் கராஜுக்குப் போகலாம்.

2020இல் நிறுத்தின தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருஷமும் இருந்த வண்டியைத் திருத்தித்தான் ஓட வேண்டியிருந்தது. இன்றைக்கும் தோட்டப் பக்கம் புது வாகனம் எட்டாத விலைதான். அதனால் யாராவது “பொக்ஸ் போச்சு” என்றால் மூன்று கேள்வி கேளுங்க: ஒயில் என்ன நிறம்? கோட் என்ன? எத்தனை ஓம் காட்டுது? தெரிந்த பாஸ் கோபப்பட மாட்டார், மீற்றரை எடுத்து வந்து காட்டுவார்.