வலது காலில் கியர்

போன மாதம் என் மகள் வயிற்றுப் பேரன் ஊருக்கு வந்திருந்தான். இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். கொல்லையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்த என் பழைய புல்லட்டை வெளியே தள்ளிக்கொண்டு வந்து, துடைத்து, ஏறி உட்கார்ந்தான். இரண்டு பக்கமும் குனிந்து பார்த்துவிட்டு, "தாத்தா, பிரேக்கையும் கியரையும் யாரோ மாத்தி மாட்டிட்டாங்க" என்றான்.

"மாத்தி மாட்டலைடா, அந்தக் காலத்துல அதுதான் சரி" என்று கதையை ஆரம்பித்தேன். அதற்குள் அவனுக்குப் போன் வந்துவிட்டது. எனவே உங்களிடம் சொல்கிறேன். உங்களில் பலர் அந்த வண்டியை ஓட்டியவர்கள்தான்.

1920களில் மோட்டார் சைக்கிளுக்குக் கியர் காலில் கிடையாது. பெட்ரோல் டாங்க் ஓரமாக ஒரு கைப்பிடி இருக்கும். ஒரு கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்துத்தான் கியர் மாற்ற வேண்டும். அந்தப் பத்தாண்டின் கடைசியில் இங்கிலாந்தின் வெலோசெட் கம்பெனியில் ஹெரால்டு வில்லிஸ் என்ற பந்தய வீரர், அவரே பொறியாளரும்கூட, காலால் மாற்றும் முறையை ஒழுங்குபடுத்தினார். ஒரு மிதிக்கு ஒரு கியர். மிதித்தவுடன் லீவர் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். இன்றுவரை நாம் ஓட்டுவது அந்த முறைதான். இங்கிலாந்துக்காரர்கள் பெரும்பாலும் அந்த லீவரை வலது பக்கம் வைத்தார்கள், பிரேக் இடது பக்கம் போயிற்று.

ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு 1932-இல் புல்லட் என்ற பெயரைக் கொண்டுவந்தது. அந்தக் கம்பெனி வண்டிகளின் கியர் பாக்ஸ் பர்மிங்காமில் இருந்த ஆல்பியன் கம்பெனியின் சரக்கு. நம் புல்லட்டில் இருந்ததும் அதே ஆல்பியன் வகைதான். நான்கு கியர். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. பக்கத்தில் குதிகாலால் அழுத்த ஒரு குட்டி லீவர் உண்டு. இரண்டு, மூன்று, நான்கு எதில் இருந்தாலும் கிளட்ச்சைப் பிடித்து அதை ஒரு அழுத்து அழுத்தினால் நேராக நியூட்ரல். முதல் கியரிலிருந்து மட்டும் வராது. இப்போதைய வண்டிகளில் அந்த வசதி இல்லையே என்று எனக்கு இன்னும் குறைதான்.

நம் ராணுவம் எல்லைக் காவலுக்கு 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்ததுதான் அந்த வண்டி இங்கே வேர்விடக் காரணம். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. தொழிற்சாலை திருவொற்றியூரில். முதலில் பாகங்கள் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன. 1957-இல் பாகங்களைச் செய்யும் கருவிகளே வந்து சேர்ந்தன. 1962 வாக்கில் எல்லாப் பாகமும் இங்கேயே தயாராயின. ரெட்டிச் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்டது. தாய்வீடு போன பிறகும் திருவொற்றியூரில் அதே வண்டி வந்துகொண்டே இருந்தது. 1977-இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் ஆனது.

இதற்கிடையில் மற்றவர்கள் இடது பக்கம் போய்விட்டார்கள். 1961 முதல் மைசூரிலிருந்து வந்த ஜாவாவில் கியர் இடது காலில். கிக்கர்தான் கியர் லீவரும், மடக்கிவிட்டு அதையே மிதிக்க வேண்டும். மிதிக்கும்போதே கிளட்ச்சும் தானாக விலகும். ஜப்பான் வண்டிகளும் இடதுதான். 1970களின் நடுவில் அமெரிக்கா, கியர் இடது காலில்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே போட்டது. திருவொற்றியூர் மட்டும் வலது காலை விடவில்லை. இடது கால் கியர் புல்லட்டுகள் 2000-க்குப் பிறகுதான் வந்தன.

நான் 1978-இல் பழைய புல்லட் ஒன்றை வாங்கினேன். பொன்னேரிப் பக்கம் பொதுப்பணித் துறையில் ஓவர்சியர் வேலை. ஏரிக்கரை, மதகு, கால்வாய் என்று தினமும் அலைச்சல். வாங்கிய ஒரே மாதத்தில் வெறுத்துப்போனேன். கியர் போடும்போதெல்லாம் கல்லை உடைப்பது போல் 'கடக்' என்று சத்தம். லெவல் கிராசிங்கில் நின்றால் நியூட்ரல் விழாது. கியர் பாக்ஸே போய்விட்டது, பிரித்துப் பல்லை மாற்ற வேண்டும் என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். அப்போது அது எனக்கு ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல்.

வண்ணாரப்பேட்டையில் ஒரு பாய் இருந்தார். சின்னக் கொட்டகைதான் ஒர்க்‌ஷாப். வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "தம்பி, கியர் பாக்ஸு மேல பழி போடாதீங்க. கிளட்ச்சு முழுசா விடமாட்டேங்குது" என்றார்.

அவர் விளக்கியது இன்னும் நினைவில் இருக்கிறது. கியர் சக்கரங்களின் பக்கவாட்டில் தடித்த கொம்புகள் உண்டு. ஒரு சக்கரத்தின் கொம்பு அடுத்ததன் பள்ளத்தில் நுழைவதுதான் கியர் விழுவது. கிளட்ச் முழுதாக விலகினால் எஞ்சினின் வேகம் அங்கே போகாது, கொம்பு மெதுவாக உள்ளே போகும். பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி இழுத்துக்கொண்டே இருந்தால், சுற்றுகிற சக்கரத்தில் கொம்பு போய் மோதும். அந்த மோதல்தான் சத்தம். அப்படியே விட்டால் கொம்பின் முனை மழுங்கும். அப்புறம் நிஜமாகவே கியர் பாக்ஸ் போய்விடும்.

பாய் முதலில் கிளட்ச் ஒயரை முழுக்கத் தளர்த்தினார். கியர் பாக்ஸின் வலது பக்க மூடியில் உள்ள சின்னத் தட்டைக் கழற்றினார். உள்ளே ஒரு திருகு, அதைப் பிடித்து நிறுத்த ஒரு நட்டு. கியர் பாக்ஸின் நடுத்தண்டு குழாய் மாதிரி உள்ளே ஓட்டையாக இருக்கும். அதன் வழியாகப் போகிற கம்பிதான் இடது பக்கத்தில் உள்ள கிளட்ச்சைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளலின் அளவைத் திருகில் சரிசெய்து நட்டை இறுக்கிய பிறகே ஒயருக்குத் திரும்பினார். கிளட்ச் லீவரில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் சும்மா ஆட வேண்டும். ஆட்டம் அதிகமானால் பிளேட் விலகாது, கியர் கரகரக்கும். ஆட்டமே இல்லாவிட்டால் பிளேட் வழுக்கும். எஞ்சின் கத்தும், வண்டி நகராது. "எல்லாரும் ஒயரை மட்டும் திருகுறாங்க. உள்ள இருக்கிறதைப் பாக்கிறதே இல்ல" என்றார்.

செயின் கேஸில் யாரோ கெட்டி எண்ணெய் ஊற்றியிருந்தார்கள். அதை வடித்துவிட்டு லேசான எண்ணெய் விட்டார். காலையில் சாவி போடுவதற்கு முன் கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று முறை கிக்கரை மிதி, இரவில் ஒட்டிய பிளேட் விட்டுவிடும் என்றார். கூலி பத்து ரூபாய். அதன் பிறகு அந்தக் கியர் பாக்ஸைப் பிரிக்காமலே பல ஆண்டுகள் ஓட்டினேன். கூடவே என் கால்களும் பழகிவிட்டன. வலது கால் கியர், இடது கால் பிரேக். முப்பது வருடத்துக்கு மேல்.

ஓய்வுக்குப் பின், 2011-இல், கிக்கரை மிதிக்க முழங்கால் ஒத்துழைக்கவில்லை. பட்டனில் ஸ்டார்ட் ஆகும் புது வண்டி வாங்கினேன். கியர் இடது காலில். ஒரு மாதத்தில் பழகிவிட்டதாகத்தான் நினைத்தேன். ஒருநாள் மாலை தச்சூர் பக்கம் போகும்போது புதரிலிருந்து எருமை ஒன்று திடீரென்று சாலைக்கு வந்துவிட்டது. பழைய பழக்கத்தில் இடது காலை ஓங்கி மிதித்தேன். விழுந்தது கியர். எஞ்சின் அலறியது, பின் சக்கரம் இழுத்துக்கொண்டு போய்ச் சாய்ந்தோம். எனக்குச் சிராய்ப்பு. பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவிக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. வண்டியிலும் குறையில்லை, எருமையிலும் குறையில்லை. அவள் இதுவரை என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் மழைக்காலத்தில் அவள் கையைத் தேய்த்துவிட்டுக்கொள்ளும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். அந்த வண்டியை அந்த வருடமே கொடுத்துவிட்டேன்.

இப்போது பேரன் புல்லட்டைக் கல்லூரிக்கு எடுத்துப் போகிறேன் என்கிறான். அவன் கால் இடது பக்கக் கியரில் பழகியது. நான் விழுந்தது ஒரு பக்கம் என்றால், அவன் விழப்போவது மறு பக்கம். கிளட்ச்சைப் பாய் சொன்ன வரிசையில் அவன் கையாலேயே சரிசெய்ய வைத்தேன், அழகாகச் செய்தான். தினமும் காலையில் பள்ளிக்கூட மைதானத்துக்கு அழைத்துப் போகிறேன். ஓட்டிக்கொண்டே இருப்பான், நான் திடீரென்று "நிறுத்து!" என்று கத்துவேன்.

நேற்று பத்து முறை கத்தினேன். நான்கு முறை வலது கால்தான் முந்திக்கொண்டு போனது. சாவி இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.