அமெரிக்காவில் நிலக்கரிச் சுரங்கப் பாதுகாப்பு ஆய்வு

அமெரிக்காவில் நிலக்கரிச் சுரங்கங்களைச் சோதிக்கும் பொறுப்பு, தொழிலாளர் துறையின் கீழுள்ள சுரங்கப் பாதுகாப்பு மற்றும் நலவாழ்வு நிர்வாகத்துடையது. 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலத்தடிச் சுரங்கம் ஒவ்வொன்றையும் ஆண்டுக்கு நான்கு முறையாவது முழுமையாகச் சோதிக்க வேண்டும். திறந்தவெளிச் சுரங்கமாக இருந்தால் இரண்டு முறை. உள்ளே நுழைய ஆய்வாளருக்கு நீதிமன்ற வாரண்ட் தேவையில்லை. அவர் வருவதை முன்கூட்டியே சொல்லிவிடுவது குற்றம்.

இந்த அதிகாரம் எளிதில் வந்ததல்ல. 1907 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியாவின் மோனங்கா சுரங்க வெடிப்பில் 360க்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகு, 1910இல் சுரங்கப் பணியகம் தொடங்கப்பட்டது. ஆனால் ஆராய்ச்சி செய்யலாமே தவிர, சுரங்கத்துக்குள் நுழைந்து சோதிக்கும் உரிமை அதற்கு இல்லை. அந்த உரிமை 1941இல்தான் கிடைத்தது. அப்போதும் கண்ட குறையைச் சரிசெய்யும்படி கட்டாயப்படுத்த முடியாது. 1952ஆம் ஆண்டுச் சட்டம், உடனடி ஆபத்து இருந்தால் ஆட்களை வெளியேற்ற உத்தரவிடும் அதிகாரத்தைத் தந்தது. 1968இல் ஃபார்மிங்டன் சுரங்க விபத்தில் 78 பேர் இறந்த பின்னரே, அடுத்த ஆண்டுச் சட்டத்தில் விதிமீறலுக்கெல்லாம் அபராதம் என்ற நிலை வந்தது.

1976 மார்ச்சில் கென்டக்கியின் ஸ்கோஷியா சுரங்கத்தில் நடந்தது தனித்துச் சொல்ல வேண்டியது. 9ஆம் தேதி மீத்தேன் வெடித்து 15 பேர் இறந்தனர். 11ஆம் தேதி உள்ளே சென்ற குழுவில் 11 பேரை இரண்டாவது வெடிப்பு கொன்றது. அவர்களில் மூவர் மத்திய அரசின் ஆய்வாளர்கள். மறு ஆண்டே புதிய சட்டம் நிறைவேறியது. கனிமத் தொழிலை வளர்க்கும் உள்துறையிடமே அதுவரை ஆய்வும் இருந்தது. 1978இல் அது தொழிலாளர் துறைக்கு மாறியது. வெகு முன்பே செய்திருக்க வேண்டிய மாற்றம்.

ஆய்வாளர் முதலில் பார்ப்பது, ஷிஃப்டுக்கு முந்தைய சோதனைகளைக் குறித்து வைக்கும் பதிவேட்டை. பிறகு கரி வெட்டும் முகப்புவரை சென்று மீத்தேன் அளவைப் பார்ப்பார். காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்தால் மீத்தேன் வெடிக்கும் என்பதால், 1 சதவீதம் எட்டினாலே அங்கு மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும், 1.5 சதவீதமானால் ஆட்கள் வெளியேற வேண்டும். காற்றோட்டத்தின் வேகம், கூரையைத் தாங்கும் போல்ட்டுகள் எல்லாம் சோதனைக்குள் வரும். கரித்தூள் பற்றாமலிருக்கச் சுண்ணாம்புக்கல் பொடி போதுமான அளவு தூவியிருக்கிறதா என்றறிய, கூரையிலும் பக்கச் சுவர்களிலும் தரையிலும் படிந்த தூளைச் சேகரித்து ஆய்வகத்துக்கு அனுப்புவார். நாளொன்றுக்குப் பத்து லட்சம் கன அடிக்கு மேல் மீத்தேன் வெளிவிடும் சுரங்கத்தில் ஐந்து வேலைநாளுக்கு ஒருமுறையாவது திடீர்ச் சோதனை உண்டு. எந்த நாள் என்று யூகிக்க முடியாதபடி இடைவெளி மாறிக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறது சட்டம்.

இத்தனையையும் வாயிற்காவலரின் ரேடியோ ஒன்று வீணாக்கிவிடும் என்பதை, 2010 ஏப்ரல் 5 அன்று 29 பேர் இறந்த அப்பர் பிக் பிராஞ்ச் சுரங்க விபத்தின் விசாரணை காட்டியது. ஆய்வாளரின் வண்டி உள்ளே வந்ததும் காவலர்கள் ரேடியோவில் சொல்லிவிடுவார்கள். அவர் கீழே இறங்கிச் சேருவதற்குள் குறைகளை மறைக்க நேரம் கிடைத்துவிடும். பதிவேட்டிலும் இரட்டை வேடம்: நிறுவனத்தின் உள்கணக்கில் எழுதப்பட்ட ஆபத்துகள் ஆய்வாளர் பார்க்கும் ஏட்டில் இல்லை. வெட்டும் இயந்திரத்தின் தேய்ந்த பற்கள், வேலை செய்யாத நீர்த்தெளிப்பான்கள், போதாத சுண்ணாம்புக்கல் பொடி மூன்றும் சேர்ந்து, ஒரு சிறு தீப்பற்றலைப் பெரும் கரித்தூள் வெடிப்பாக்கின என்பது விசாரணை முடிவு. சுரங்கப் பாதுகாப்பு நிர்வாகத்தின் சொந்த மறுஆய்வு, ஆய்வாளர்களும் சில குறைகளைக் கவனிக்கத் தவறினர் என்று ஒப்புக்கொண்டது.

முன்தகவல் தருவதற்குச் சட்டம் விதித்த தண்டனை, அதிகபட்சம் 1,000 டாலர் அபராதம் அல்லது ஆறு மாதச் சிறை, அல்லது இரண்டும். சுரங்கத்தின் காவல் தலைவர் அதைவிட நெடுநாள் சிறை சென்றது, விசாரணையில் பொய் சொன்னதற்கும் ஆவணங்களை அழிக்கச் சொன்னதற்கும்தான். நிறுவனத் தலைவர் டான் பிளாங்கன்ஷிப் பாதுகாப்பு விதிகளை மீறச் சதி செய்ததாக 2015இல் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, ஓராண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். விபத்து நடந்த அதே மாதம் தொடங்கிய சிறப்புச் சோதனைகளில் ஆய்வாளர்கள் வேளை கெட்ட வேளையில் வந்திறங்கி, முதல் வேலையாகச் சுரங்கத்தின் தொலைபேசியைத் தங்கள் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்ளத் தொடங்கினர்.