நிலைச் செய்மதியும் நாடுகளின் கூட்டுரிமையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கடலடியில் இடப்பட்ட தந்திக் கம்பிகளுட் பெரும்பகுதி பிரித்தானியக் கம்பனிகளின் கையில் இருந்தது. ஏனை நாட்டார் கூலி கொடுத்தே தம் செய்திகளை அவற்றின் வழியே அனுப்பினர். செய்மதி தோன்றிய காலத்தில் அந்நிலை வானிலும் நேருமோ என்னும் வினா எழுந்தது.

நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 35,800 கிலோமீற்றர் உயரத்திற் கிழக்கு நோக்கிச் சுற்றும் செய்மதி, பூமி தன்னைத்தான் ஒருமுறை சுற்றும் காலத்திலேயே தன் சுற்றையும் முடிக்கும். ஆதலின் நிலத்திலிருந்து நோக்குவார்க்கு அஃது அசையாது நிற்பதுபோலத் தோன்றும். இத்தகைய நிலையங்கள் மூன்று உலகனைத்தையும் இணைக்கும் என 1945 ஆம் ஆண்டில் ஆதர் சி. கிளார்க் என்னும் ஆங்கிலேயர் எழுதினார். 1956 முதல் இலங்கையில் வாழ்ந்து, 2008 இல் இந்நாட்டிலேயே மறைந்தவர் அவர்.

1964 ஓகத்து 20 ஆம் நாள் பதினொரு நாடுகள் கூடி இன்ரெல்சாற் என்னும் கூட்டமைப்பை நிறுவின. அதன் முதற் செய்மதியாகிய 'ஏர்லி பேர்ட்' 1965 ஏப்பிரில் 6 இல் ஏவப்பட்டது. 1956 இல் அத்திலாந்திக்குச் சமுத்திரத்தின் அடியில் இடப்பட்ட முதலாவது தொலைபேசிக் கம்பி தொடக்கத்தில் 36 உரையாடல்களையே தாங்கியது. இச்செய்மதியோ 240 உரையாடல்களை, அல்லது ஒரு தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தாங்கவல்லதாயிற்று. எனினும் பல நிலையங்கள் ஒருங்கே அதனைப் பயன்படுத்தல் இயலாது. ஆதலாற் பிரித்தானியா, பிரான்சு, மேற்கு யேர்மனி ஆகியவற்றின் நிலையங்கள் முறைவைத்தே அமெரிக்காவுடன் தொடர்புகொண்டன. 1967 இல் வந்த செய்மதிகள் இக்குறையை நீக்கின. 1969 யூலையில் இந்து சமுத்திரத்தின்மேலும் ஒரு செய்மதி சேவையைத் தொடங்க, உலகளாவிய இணைப்பு நிறைவுற்றது. அம்மாதத்திலேயே சந்திரனில் மனிதர் நடந்த காட்சியைக் கண்டங்கள் பலவும் ஒருங்கே கண்டன.

பொறியியலாற் றீர்ந்த சிக்கலினும் உரிமை பற்றிய சிக்கல் பெரிது. தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவின் பங்கு நூற்றுக்கு 61 ஆக இருந்தது; பங்கின் அளவே வாக்கின் அளவுமாயிற்று. ஏனை நாடுகள் இதனை நெடிது பொறுத்திலை. 1971 இல் ஒப்பமிடப்பட்டு, 1973 இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை, பயன்படுத்தும் அளவுக்கேற்ப முதலீடு செய்யும் முறையைப் பேணியது. ஆயினும் ஆளுநர் குழுவில் எந்நாட்டுக்கும் நூற்றுக்கு 40 இன் மேல் வாக்கில்லை என வரையறுத்தது. நாடுகளின் பேரவையிற் சிறிய நாட்டுக்கும் பெரிய நாட்டுக்கும் ஒவ்வொரு வாக்கே உரியதாயிற்று. ஒரே வகையான சேவைக்கு யாவருக்கும் ஒரே கட்டணம் என்பதும் விதியாயிற்று. இதனால், தாமே செய்மதி ஏவும் ஆற்றலில்லாத வறிய நாடுகளும், செல்வ நாடுகள் கொடுத்த விலைக்கே உலகோடு பேசும் வாய்ப்பைப் பெற்றன.

2001 இல் இன்ரெல்சாற் தனியார் கம்பனியாக மாற்றப்பட்டது. உலகளாவிய இணைப்பைத் தொடர்ந்து பேணும் கடப்பாட்டைக் கண்காணிக்க அரசுகளின் அமைப்பொன்று மட்டும் எஞ்சியது. வாணிபத்தையும் பொதுநலத்தையும் ஒரே ஏற்பாட்டில் இணைத்தல் இயலும் என்பதற்கு இன்ரெல்சாற்றின் முதல் முப்பத்தாறு ஆண்டுகள் சான்றாகும். அவ்விணைப்பு தானே நிலைபெறுவதன்று, நாடுகள் விழிப்போடு காக்கவேண்டியது என்பதற்கு அதன் பின்னை வரலாறு சான்றாகும்.